ரேடியேட்டருக்கு ஒதுக்கிய குடம்

பழைய வண்டியை வாங்கி வீட்டிலேயே சீர்செய்து ஓட்டினேன் என்று யாராவது பெருமையடித்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. நானும் ஒரு காலத்தில் அப்படிச் சொல்லித் திரிந்தவன். ஸ்பேனரை எந்தப் பக்கம் திருகுவது என்றுகூட எனக்குத் தெரியாது. நான் செய்ததெல்லாம் வண்டிக்குப் பக்கத்தில் நின்றது, வேலை செய்ய வந்த சிநேகிதர்களுக்கு என் மனைவி ஆக்கிய சோற்றை எடுத்து வைத்தது, கடைசியில் வண்டியையும் அதைச் சரிசெய்தவனையும் சேர்த்துக் கெடுத்தது, அவ்வளவுதான்.

எங்கள் ஊர் பரளச்சிக்குத் தெற்கே கரிசல் காட்டுக்குள் இருக்கிறது. மழை பெய்தால் மாட்டு வண்டி அச்சுவரை புதையும். பெய்யாவிட்டால் வண்டியில் ஏற்ற ஒன்றும் இருக்காது. பஸ்ஸைப் பிடிக்க மூன்று மைல் நடக்க வேண்டும். அறுபதுகளின் பின்பாதியில், கண்மாய்க் கரையை உயர்த்த வந்த காண்ட்ராக்டர் ஒருவர் வேலை முடிந்து போகும்போது ஓடாத ஜீப் ஒன்றைக் கரையடியிலேயே விட்டுவிட்டுப் போனார். பட்டாளத்தில் கழித்துக்கட்டிய வண்டி. நான்கு சக்கரமும் இழுக்கும், சேறு சகதி எதற்கும் நிற்காது என்று அதை ஓட்டியவர் ஊருக்குள் சொல்லிவைத்திருந்தார். ஒரு வருஷம் அது கருவேலஞ்செடிகளுக்குள் கிடந்தது. ஆடு மேய்ப்பவர்கள் சீட்டைக் கிழித்து எடுத்துக்கொண்டார்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே குளவி கூடு கட்டியது.

நான் காண்ட்ராக்டரைத் தேடிப் போய் ஒரு ஜோடி காளங்கன்றுகளைக் கொடுத்து அதை வாங்கினேன். ஏன் என்று கேட்டவர்களிடம் பருத்தி ஏற்றலாம், கொத்தமல்லி ஏற்றலாம், வத்தல் மூட்டை ஏற்றலாம் என்று கணக்காகப் பேசினேன். உண்மை வேறு. சுற்றுவட்டாரத்தில் எவன் வீட்டிலும் இல்லாத ஒன்று என் வாசலில் நிற்க வேண்டும் என்ற திமிர்தான். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. கல்யாணமாகி மூன்று வருஷம்.

சரிசெய்து தருகிறேன் என்று வந்தவர்கள் இரண்டு பேர். இருவரும் அருப்புக்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவர்கள். ஒருவன் பாளையம்பட்டிப் பக்கம் ஒரு லாரி ஷெட்டில் மெக்கானிக். மற்றவன் நெசவாளி, வீட்டில் தெலுங்கு, வெளியில் எங்களைவிடச் சுத்தமான தமிழ்.

மெக்கானிக்கைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இது அவன் கதை. பன்னிரண்டு வருஷமாக அடுத்தவன் ஷெட்டில் வேலை பார்த்துவந்தான். அவன் பிரித்துச் சேர்த்த இன்ஜின்களுக்கெல்லாம் பெயர் ஷெட்டுக்காரருக்குப் போனது. ஓடாத வண்டியை அவன் ஓடவைத்தால் முதலாளியின் கைராசி, ஓடுகிற வண்டி நின்றால் இவனுடைய கவனக்குறைவு. சொந்தமாக ஒரு ஷெட் போட வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. குப்பைக்குப் போன என் ஜீப்பைப் பார்த்தவுடன் அவன் முகம் மாறிவிட்டது.

"இத ஓட வச்சுட்டேன்னா, நான் யாருன்னு அவுகளுக்குத் தெரிஞ்சிரும்லே" என்றான்.

எனக்கு வாசலில் நிற்க ஒரு வண்டி வேண்டும். அவனுக்கு அந்த வண்டிதான் பிழைப்பு. இந்த வித்தியாசம் அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரிந்துதான் எல்லாம் நடந்தது.

இரண்டு ஜோடி மாடு பூட்டி ஜீப்பைத் தொழுவத்துக்கு இழுத்து வந்தோம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவனுக்கு லீவு. முதல் பஸ்ஸில் வந்து இறங்கி நடந்து வருவான், கடைசி பஸ்ஸுக்குப் போவான். இரண்டு வருஷத்து ஞாயிறுகள் அப்படிப் போயின. கழற்றிய நட்டுகளைச் சிரட்டை சிரட்டையாகப் போட்டு, எது எங்கே இருந்தது என்று சுவரில் கரித்துண்டால் எழுதி வைப்பான். அந்தச் சிரட்டையை நகர்த்தினால் மட்டும் அவனுக்குக் கோபம் வரும்.

இன்ஜினைத் தூக்க எங்களிடம் சங்கிலியும் இல்லை, கப்பியும் இல்லை. மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கிணற்றுக் கமலையின் உருளையைக் கழற்றி வேப்பமரக் கிளையில் கட்டினோம். கமலை வடத்தை இன்ஜினில் மாட்டி, மாட்டை ஓட்டினேன். இன்ஜின் அழகாக மேலே வந்தது. ஆனால் தண்ணீர் இறைத்தே பழகிய மாடுகள் அவை. வழக்கமான தூரம் வந்ததும், சால் தண்ணீரைக் கொட்டியிருக்கும் என்று நினைத்து, யாரும் சொல்லாமலே பின்னால் நடக்க ஆரம்பித்தன. மேலே போன இன்ஜின் அதே அழகோடு கீழே வந்தது. அடியில் நின்ற நெசவாளி துள்ளி விலகித் தெலுங்கில் என் வம்சத்தையே திட்டினான். அன்று மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். மாடுகளின் வாலைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் முறை தூக்கினோம்.



நெசவாளி தறியை நிறுத்திவிட்டுத்தான் வருவான். சீட்டும் மேல்கூரைத் துணியும் அவன் பொறுப்பு. கடைத் துணி வேண்டாம் என்று அவனே இரட்டை நூல் போட்டு, தறி தாங்குகிற அளவுக்குக் கனமாக நெய்து கொண்டுவந்தான். பட்டாளப் பச்சை என்று சொல்லிச் சாயம் முக்கினான். காய்ந்த பிறகு பார்த்தால் அது கிளிப்பச்சை. ஊரார் என்னை விட்டுவிட்டு அவனிடம், வண்டிக்குக் கல்யாணமா என்று கேட்டார்கள். அவன் முறைத்தானே தவிர, அடுத்த வாரம் இன்னொரு தரம் முக்கிக் கறுப்பாக்கிக் கொண்டுவந்தான்.

மதுரைப் பழைய இரும்புக் கடைகளில் மெக்கானிக் தேடித் தேடிச் சேர்த்த சாமான்களோடு இன்ஜின் உட்கார்ந்தது. ஒரு ஞாயிறு உச்சி வெயிலில் அது முதல் தரம் உறுமியது. கோழிகள் சிதறின. தொழுவத்துக்குள் புகை மண்டியது. அவன் கண்ணில் தண்ணீர். புகைதான் காரணம் என்றான்.

போகும்போது என்னிடம் ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான்.

"ரேடியேட்டர்ல ஊருணித் தண்ணிதான் ஊத்தணும். ஒங்க கெணத்துத் தண்ணி ஆகவே ஆகாது. உப்பு உள்ள போயி உக்காந்துக்கிரும், பெறகு இன்ஜின் சூடு தாங்காது. கஷ்டம்னு எனக்குத் தெரியும். ஆனா மறந்துராத."

கஷ்டம் என்று அவன் சொன்னது சும்மா இல்லை. எங்கள் பக்கத்துக் கிணறுகளில் வருவது உப்புத் தண்ணீர். மாடு குடிக்கும், துணி துவைக்கலாம், பருப்பு வேகாது. குடிக்க ஊருணி ஒன்றுதான். அதற்கென்று ஊரில் கட்டுப்பாடு உண்டு. செருப்புக் காலோடு இறங்கக் கூடாது, ஆடு மாடு அண்டக் கூடாது, குடிப்பதற்கும் சோறு ஆக்குவதற்கும் தவிர வேறு எதற்கும் அந்தத் தண்ணீரைத் தொடக் கூடாது. வண்டிச் சக்கரத்தை ஊருணித் தண்ணீரில் கழுவிய ஒருவரைக் கோயில் வாசலில் நிறுத்தி, ஊர் முன்னால் விழுந்து கும்பிடவைத்ததை நானே பார்த்திருக்கிறேன். போதாக்குறைக்கு, மழை இரண்டு வருஷமாகப் பொய்த்திருந்தது. ஊருணி வற்றி, நடுவில் ஊற்றுத் தோண்டியிருந்தார்கள். பெண்கள் குழிக்குள் இறங்கி உட்கார்ந்து, ஊறுகிற தண்ணீரைச் சிரட்டையால் வழித்து ஊற்றுவார்கள். ஒரு குடம் நிறையப் பாதிக் காலைப்பொழுது போய்விடும்.

மெக்கானிக் சொன்னதை என் மனைவியிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். அவள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அந்த அண்ணன் இரண்டு வருஷமாக வெயிலில் கிடந்து பாடுபட்டிருக்கிறார், ஒரு குடம் தண்ணீரா பெரிது என்றாள். மறுநாள் ஊற்றுக்கு ஒரு நடை கூடுதலாகப் போய் நின்றாள். அடுக்களை மூலையில் ஒரு செம்புக் குடத்தைத் தனியாக வைத்து, தட்டுப் போட்டு மூடி, இது வண்டிக்கு என்று சொல்லிவிட்டுக் காட்டுக்குப் போனாள்.

அந்தக் குடத்தைத் தூக்கிக்கொண்டு தொழுவத்துக்கு வந்தேன். ஜீப்பைப் பார்க்க எப்போதும் போலப் பக்கத்து வீட்டுக்காரர்கள் மூன்று பேர் கல்லில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேரின் வீட்டிலும் பெண்கள் அந்நேரம் ஊற்றுக்குழியில் இருந்தார்கள். குடத்தில் என்ன என்று ஒருவர் கேட்டார். குடிக்க என்று சொல்லிவிட்டேன். அவர்கள் கண்ணுக்கு முன்னால் அந்தத் தண்ணீரை இரும்புக்கு ஊற்ற எனக்குத் தைரியம் இல்லை. வீட்டுக்குள் திரும்பிப் போய்க் குடத்தை அடுக்களைப் பானையில் கவிழ்த்தேன். வாளியை எடுத்துக் கிணற்றில் இறைத்து வந்து ரேடியேட்டரில் ஊற்றினேன். அந்த மூவருக்கும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை. எனக்கும்தான். இரும்புக்கு நாக்கா இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்த யோசனை அப்போது எனக்குப் பெரிய புத்திசாலித்தனமாகப் பட்டது.

வண்டி ஓடியது. ஓடியதால் அடுத்த தரமும் அதையே செய்தேன். மனைவி ஒதுக்கிவைப்பாள், நான் பானையில் திருப்பி ஊற்றுவேன், கிணற்றில் இறைப்பேன். முதல் நாளாவது பார்க்க ஆள் இருந்தது என்று சொல்லலாம். மற்ற நாட்களில் கல்லில் ஒரு காக்கைகூட உட்கார்ந்திருக்கவில்லை. பானையில் தண்ணீர் முன்பு போல் குறையாததைப் பார்த்து, ஊற்றில் அவள் படும் பாட்டை நினைத்து நான் தாகத்தை அடக்கிக்கொள்வதாக அவள் நினைத்தாள். அதைச் சொல்லிச் சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷத்தையும் நான் வாங்கிக்கொண்டேன்.

ஞாயிறு தவறாமல் மெக்கானிக் கேட்பான். ஊருணித் தண்ணீர்தான் என்பேன். அவன் நம்பினான். நான் சொன்னதை அவன் ஏன் சோதிக்க வேண்டும்?

ஐந்து மாதம் கழித்து அவனுக்கு ஒரு வழி திறந்தது. அருப்புக்கோட்டையில் பஞ்சு மில் வைத்திருந்த முதலாளி ஒருவர் எங்கள் ஜீப் தெருவில் போவதைப் பார்த்துவிட்டு, யார் கைவேலை என்று விசாரித்திருக்கிறார். அவரிடம் லாரி, கார் என்று நான்கைந்து வண்டிகள். ரோட்டோரத்தில் காலி இடமும் இருந்தது. மெக்கானிக்கைக் கூப்பிட்டு அனுப்பினார். இந்த ஜீப்பில் என்னை விருதுநகருக்குக் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து விடு, வழியில் நிற்கக் கூடாது, நிற்காமல் வந்தால் என் வண்டி எல்லாம் உன்னிடம், அந்த இடத்தில் ஷெட் போட்டுக்கொள் என்றாராம். இதை எங்களிடம் சொல்லும்போது அவனுக்கு வாய் குழறியது. நெசவாளி அவனைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான்.

அன்றைக்காவது நான் வாய் திறந்திருக்கலாம். ஒரு வாரம் இருந்தது. ரேடியேட்டரைக் கழுவி, உள்ளே பார்த்து, ஏதாவது செய்திருப்பான். சொன்னால் ஐந்து மாதப் பொய்யையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமே என்று இருந்துவிட்டேன். இத்தனை நாள் ஓடியது, இன்னும் ஒரு நாள் ஓடாதா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சித்திரை மாதம். மெக்கானிக் ஓட்டினான், முதலாளி பக்கத்தில், நானும் நெசவாளியும் பின்னால். பாளையம்பட்டி தாண்டும்போது அவனுடைய ஷெட் ஆட்கள் ரோட்டுக்கு வந்து பார்த்தார்கள். அவன் முகத்தை நேராக வைத்துக்கொண்டு ஹாரனை மட்டும் ஒரு தரம் அடித்தான். குமாரலிங்கபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி இழுவை குறைந்தது. காந்தல் நாற்றம் வந்தது. பானெட் இடுக்கில் ஆவி சீறியது. அவன் ஓரங்கட்டுவதற்குள் இன்ஜின் ஒரு தரம் முக்கி நின்றுவிட்டது.

முதலாளி கத்தவில்லை. இறங்கி, வேட்டியை உதறி, புளியமர நிழலில் கால் மணி நேரம் பொறுமையாகத்தான் நின்றார். பிறகு வந்த பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தினார். ஏறுவதற்கு முன், பழைய வண்டிதானே, பார்ப்போம் என்றார். அந்தப் 'பார்ப்போம்' எப்படிப்பட்டது என்று நால்வருக்கும் தெரிந்திருந்தது.

நெசவாளி தண்ணீர் வாங்க ஊருக்குள் ஓடினான். சூடு தணியக் காத்திருந்து, மெக்கானிக் இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினான். நான் பக்கத்தில் நின்றேன். தண்ணீர் ஓடுகிற துளைகள் எல்லாம் வெள்ளையும் செம்மையுமாகக் காறை பிடித்து அடைத்துக் கிடந்தன. ஸ்குரு டிரைவர் முனையால் ஒரு துண்டைப் பெயர்த்து எடுத்தான். விரலில் வைத்துப் பார்த்தான். பிறகு நாக்கு நுனியில் வைத்தான்.

என்னை நிமிர்ந்து பார்த்து, "கெணத்துத் தண்ணியா?" என்றான்.

அவன் கொஞ்ச நேரம் அந்தக் காறையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என்ன நினைத்தானோ, அவன் குரலில் இருந்த கோபம் போய்விட்டது.

"தங்கச்சி குடுக்கலையாக்கும்?" என்று என் மனைவியைச் சொல்லிக் கேட்டான்.

இல்லை, அவள் கொடுத்தாள் என்று ஒரு வார்த்தை போதும். அடுக்களை மூலையில் தட்டுப் போட்டு மூடிய குடம் என் கண் முன்னால் வந்து நின்றது. நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேன். என் வாழ்க்கையில் நான் செய்த அசிங்கமான காரியம் எது என்று யாராவது கேட்டால், உப்புத் தண்ணீர் ஊற்றியதைச் சொல்ல மாட்டேன். அந்தத் தலையாட்டலைத்தான் சொல்வேன்.

"பாவம், அவுகதான் என்ன செய்வாக" என்று சொல்லிவிட்டு அவன் கையைத் துடைத்தான்.

நெசவாளி குடத்தோடு வந்து, என்ன கோளாறு என்று கேட்டான். நான் மெக்கானிக்கின் முகத்தைப் பார்த்தேன். அவன் ஹெட்டை அதன் இடத்தில் வைத்து மூடிக்கொண்டே, தன் கைவேலைதான் சரியில்லை, ஹெட்டுக்கு அடியில் வைக்கிற கேஸ்கட்டைச் சரியாக உட்காரவைக்கவில்லை என்றான். ஊற்றுக்குழியில் உட்கார்ந்து தண்ணீர் வழிக்கிற ஒரு பெண்ணின் பெயர் மூன்று ஆண்கள் பேச்சில் அடிபட வேண்டாம் என்று நினைத்திருக்கிறான். அவனுக்கு அவ்வளவு மரியாதை இருந்தது. அவளைக் கட்டியவனுக்கு இல்லை.

நெசவாளிக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. இரண்டு வருஷம் தறியைப் போட்டுவிட்டு வந்தது இதற்குத்தானா, ஒரு கேஸ்கட்டு வைக்கத் தெரியாதவனுக்கு ஷெட் ஒரு கேடா என்று நடுரோட்டில் வைத்துக் கேட்டான். மெக்கானிக் குனிந்து நட்டுகளை முடுக்கிக்கொண்டிருந்தான். நான் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நெசவாளி சொன்ன அதே வார்த்தை ஒரு வாரத்தில் அருப்புக்கோட்டை முழுக்கச் சுற்றி, பாளையம்பட்டி ஷெட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. கேஸ்கட்டு வைக்கத் தெரியாதவன் என்று அங்கே அவனைக் கூப்பிடவே ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டு மாதத்தில் அவன் தூத்துக்குடிக்குப் போய்விட்டான். அங்கேயும் அடுத்தவன் ஷெட்தான்.

ஜீப்பை மாடு பூட்டித்தான் வீட்டுக்கு இழுத்து வந்தேன். என்ன ஆயிற்று என்று மனைவி கேட்டபோது, பழைய இரும்பு, அவ்வளவுதான் தாங்கும் என்றேன். அந்த அண்ணனுக்கு இப்படி ஆகியிருக்க வேண்டாம் என்று அவள் நாலு நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். வண்டிக்கென்று வைத்த குடத்தை அதன் பிறகு புழங்கவே இல்லை. கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டாள். ஜீப் தொழுவத்தில் நின்றது. நெசவாளி நெய்த சீட்டில் கோழி முட்டையிட்டது. மறுபடி பிரித்துச் சரிசெய்ய வேறு ஆளைக் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை. பிரித்தால் உள்ளே இருப்பதை இன்னொருவன் பார்ப்பான்.

ஏழு வருஷம் போனது. எழுபதுகளின் நடுவில் ஒரு பகல்வேளை, மகளுக்குக் காதுகுத்து என்று சொல்ல மெக்கானிக் எங்கள் வீட்டுக்கு வந்தான். தலை பாதி நரைத்திருந்தது. தொழுவப் பக்கம் ஒரு தரம் பார்த்தான், வண்டியைப் பற்றிக் கேட்கவில்லை. என் மனைவி முகம் மலர, வாங்கண்ணே என்று செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஊருணி அந்த வருஷம் நிறைந்திருந்தது. அவன் அண்ணாந்து முழுசாகக் குடித்துவிட்டு, செம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது அவளிடம் சொன்னான்:

"அந்தப் பஞ்சத்துல இந்தத் தண்ணிய வண்டிக்குக் கேட்டது ஏந் தப்புதான் தாயி. நீ குடுக்காதது சரிதான். அத மனசுல வச்சுக்கிட்டுத்தான் நான் வரலேன்னு நெனச்சுறாத."

அவள் மனதில் ஏழு வருஷமாக உறுத்தல் இருக்கும், அதை எடுத்துவிடலாம் என்று நினைத்துச் சொன்னான். அவள் செம்பைக் கையில் பிடித்தபடி நின்றாள். என்னைப் பார்த்தாள். நான் அவன் கொடுத்த பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். சொல்லிவிட்டால் நல்லது என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

"அப்ப ரொம்பக் கஷ்டகாலம்ணே. நீங்க மனசுல வச்சுக்கிராதீக" என்றாள்.

அவன் சிரித்தபடி எழுந்து, பஸ்ஸுக்கு நேரமாகிறது, காதுகுத்துக்கு இரண்டு பேரும் வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான். தெரு திரும்பும்வரை அவள் வாசலில் நின்று பார்த்தாள். பிறகு உள்ளே போய்ச் சோறு ஆக்கினாள்.

சாப்பிட உட்கார்ந்தேன். தட்டில் எப்போதும் போலச் சோறு, குழம்பு, ஒரு துண்டு கருவாடு. பக்கத்தில் செம்பு. ஒரு வாய் குடித்தேன். கிணற்றுத் தண்ணீர். நாக்கில் பட்டதும் உப்புக் கரித்தது. நிமிர்ந்து பார்த்தேன். அவள் அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஏன் என்று கேட்டால் சொல்லிவிடுவாள் என்ற பயத்தில், செம்பில் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்து முடித்தேன்.